லோன் குடுக்க வாறவரிடம் இருக்கிற ஒரே லைசன்ஸ்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு மின்கம்பத்தில் ஒட்டியிருந்த வேலை விளம்பரம் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ‘கள உத்தியோகத்தர்கள் தேவை.’ தகைமைகள்: வயது 18 முதல் 35 வரை. சாதாரண தரத்தில் ஆறு பாடம். சொந்த மோட்டார் சைக்கிள். அதை ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரம். கடைசியில் கொட்டை எழுத்தில், ‘கவர்ச்சிகரமான கொமிசன்’. அவ்வளவுதான்.

கடன் கொடுக்கிற கம்பனி ஒன்றின் விளம்பரம் அது. அதாவது ஒரு பெண்ணின் வீட்டு முற்றம் வரைக்கும் போவதற்கு லைசன்ஸ் வேணும். முற்றத்தில் இறங்கி, அவவிடம் ஒரு இலட்சம் ரூபாய்க் கடனுக்குக் கையெழுத்து வாங்குவதற்கு ஒண்டும் தேவையில்லை.

இந்த நாட்டில் எதெதற்கு அனுமதி வேணும் எண்டு கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. கள்ளுத் தவறணைக்கு வேணும். அடகுக்கடை போட வேணும், அதற்கு 1942ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் இருக்கு. காணி உறுதி எழுதுகிறவர் நொத்தாரிசாக இருக்க வேணும். காணியை அளக்கிறவருக்கு அனுமதி வேணும். உங்கட வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் பொலிசி விற்கிற அண்ணை இருக்கிறாரே, அவர்கூட ஒரு பரீட்சை பாஸ் பண்ணித்தான் முகவர் ஆக வேணும். செத்தால் காசு வரும் எண்டு சொல்லுகிறவருக்குப் பரீட்சை. உயிரோடு இருக்கும்வரை கிழமைக்குக் கிழமை காசு கட்டு எண்டு சொல்லுகிறவருக்குப் பரீட்சை இல்லை. இதில் இருக்கிற பகிடி எனக்கு இப்பதான் விளங்குது.

நான் இதை வெளியில் நின்று எழுதவில்லை. 2017இல் எங்கட அம்மா எடுத்த குழுக்கடனுக்கு அவ கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் இருந்தது நான். அப்ப பத்தாம் வகுப்பு. படிவம் முழுக்க சிங்களமும் இங்கிலீசும். “பிள்ளை படிக்கிறாள்தானே, பாத்துச் சொல்லட்டும்” எண்டார் வந்தவர், சிரிச்சுக்கொண்டு. நான் பார்த்தேன். பத்தாம் வகுப்பு இங்கிலீசில் எனக்குப் பிடிபட்டது தொகையும் திகதியும் அம்மாவின் பெயரும்தான். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தச் சொன்னேன். திருத்தினார். அதோடு நான் பெரிய கெட்டிக்காரி எண்டு எல்லாருக்கும் சந்தோசம். கையெழுத்து விழுந்தது.

எதற்காகக் கடன் எண்டு கேட்பீர்கள். இந்தியன் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 5,50,000 ரூபா. வன்னியில் அந்த வீடு கிடைத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லுவினம். சீமெந்து விலை ஏற, மணல் விலை ஏற, அந்தக் காசில் சுவரும் கூரையும் எழும்பும், கதவும் யன்னலும் பூச்சும் நிக்கும். மிச்சத்துக்குக் கடன். வீடு தந்த திட்டமே கடன்காரர் ஆக்கின கதை இது. எங்களுக்கு முன்கதவும் கக்கூசும் மிச்சம்.

பாங்கில ஏன் எடுக்கேல்லை எண்டு கொழும்பில் இருந்து வந்த ஒரு அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டா. நல்ல கேள்வி. எங்கட காணி பெர்மிட் காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் இருக்கிற காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அதை உறுதிக் காணி மாதிரி நினைச்சபடி ஈடு வைக்க ஏலாது, பிரதேச செயலகத்தின் சம்மதம் வேணும். அதுவும் பெர்மிட் கையில் இருந்தால். 2009இல் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடின சனத்தில் எத்தனை பேர் பைலையும் தூக்கிக்கொண்டு ஓடினவை? பெர்மிட் தாத்தாவின் பெயரில், தாத்தா இல்லை, பின்னுரித்து மாத்தவில்லை. இப்பிடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிக்கல். பாங்கில் வீட்டுக் கடன் எண்ட வாசல் எங்களுக்குப் பாதி பூட்டித்தான் இருக்கு. மற்ற வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடிக்கிறார், ஈடு வேண்டாம், பிணைக்கு நாலு பெண்கள் போதும் எண்டு சொல்லுறார்.

(ஈடு எண்டவுடன் ஞாபகம் வருவது ஒற்றி. தேசவழமையில் இருக்கிற ஏற்பாடு. காணியை ஒற்றி வைச்சுக் காசு வாங்கினால் வட்டி இல்லை, காசு தந்தவர் அந்தக் காணியின் விளைச்சலை எடுப்பார், காசைத் திருப்பினால் காணி திரும்பும். ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுக்க முன்னமே சனம் பழகி வந்த முறை. அதில் அநியாயம் நடக்கவில்லை எண்டு சொல்லமாட்டேன், ஏழையின் காணி வருசக்கணக்காகப் பணக்காரர் கையில் கிடந்திருக்கும். ஆனால் என்ன குடுக்கிறம், என்ன எடுக்கிறம் எண்டு ரெண்டு பகுதிக்கும் விளங்கினது.)

எங்களுக்கு என்ன விளங்கினது எண்டு பார்ப்பம். 50,000 ரூபா கடன். “நூற்றுக்கு ரெண்டு வட்டி”, அதாவது மாதத்துக்கு 2 வீதம். வருசத்துக்கு 24 வீதம், 12,000 ரூபா. மொத்தம் 62,000. அதை 52 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாவும் சில சதமும். கேட்க நியாயமாகத்தானே இருக்கு?

இல்லை. 26ஆவது கிழமையில் முதலில் பாதியை அம்மா திருப்பிக் கட்டிவிட்டா. கையில் இருப்பது 25,000 ரூபாய்க் கடன்தான். ஆனால் வட்டி இன்னும் 50,000க்குப் போகுது. கடைசிக் கிழமையில் கையில் இருப்பது ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தான், அப்பவும் 50,000க்கு வட்டி. குறைகிற நிலுவைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வருச வட்டி 44 வீதத்துக்குக் கிட்ட வரும். அதோடு ஆவணச் செலவு எண்டு தொடக்கத்திலேயே 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 48,000தான் கையில் தந்தால் 52 வீதத்தைத் தாண்டும். 24 எண்டு சொன்னது 52. யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கோ. சொன்ன 24ம் உண்மைதான். அது எந்தக் காசுக்கு 24 எண்டதை மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை நான் படித்தது போன வருசம், கம்பசில், பொருளியல் படிக்கிற ஒரு கூட்டாளி கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினபோது. அம்மா கட்டி முடித்து ஐந்து வருசத்துக்குப் பிறகு.

அம்மாவின் குழுவில் ஐந்து பேர். அதில் ஒரு அக்காவுக்கு ஏற்கெனவே வேறு ரெண்டு கம்பனியில் கடன் இருந்தது. கடன் தந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க ஏலாது, ஏனெண்டால் அந்தக் கம்பனிகளின் கூட்டங்களும் அதே கொட்டிலில்தான் நடந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவவை விட வேண்டி வரும், விட்டால் குழு ஐந்து ஆகாது, குழு ஐந்து ஆகாட்டி அவருக்குக் கொமிசன் இல்லை. ஒருநாள் விடிய அந்த அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. மிச்ச நாலு பேரும் அவவின் கட்டுக்காசையும் சேர்த்துக் கட்டினார்கள். கட்டும்வரைக்கும் கூட்டம் முடியாது. ஒருநாள் இரவு எட்டு மணி மட்டும் பெண்கள் அங்கே இருந்தார்கள், நான் தம்பியையும் கூட்டிக்கொண்டு டோர்ச் லைற்றோடு போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது அதற்கு அடுத்த கிழமை.

2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து போன பிறகு எழுதினதில் நுண்கடன் பற்றியும் இருக்கு. வட்டி 220 வீதம் வரைக்கும் போனதையும், தவணை கட்ட முடியாத பெண்களிடம் வசூலிக்க வாறவர்கள் பாலியல் லஞ்சம் கேட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எங்கட ஊர்களில் அது புதினம் இல்லை. அதை எழுத ஜெனீவாவில் இருந்து ஒருவர் வர வேண்டி இருந்ததுதான் புதினம்.

அந்த வருசமே அரசாங்கம் ஒரு நிவாரணம் அறிவித்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்கள், வன்னி மாவட்டங்களும் அதில் அடக்கம். பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கிற கடன்கள் தள்ளுபடி. நல்ல விசயம், மறுக்கவில்லை. ஆனால் காப்பை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டின அம்மாவுக்கு அதில் ஒண்டும் இல்லை. கடன் தந்த முறை பிழை எண்டு அரசாங்கமே ஏற்றுக்கொண்டு காசு கட்டினது. அப்பிடிக் கடன் தந்த எவருக்காவது “இனி நீ இந்த வேலை செய்யக்கூடாது” எண்டு சொன்னதா? ஆரிடம் சொல்லுறது? அவருக்கு லைசன்ஸ் இருந்தால்தானே பறிக்கலாம்.

சட்டம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது வைப்புப் பணம் எடுக்கிற கம்பனிகளை மத்திய வங்கியிடம் உரிமம் எடுக்கச் சொன்னது. வைப்பு எடுக்காமல் கடன் மட்டும் கொடுக்கிறவர் அதற்கு வெளியில். அதனால் அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்த கம்பனிகளை ஒரு கை விரலில் எண்ணலாம், எங்கட ஒழுங்கைகளில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணுவதற்கோ ரெண்டு கையும் காலும் காணாது. 2018இன் கடைசியில் மத்திய வங்கி நுண்கடனுக்கு 35 வீதம் எண்டு உச்ச வரம்பு போட்டது. அதுவும் தன் உரிமத்தின் கீழ் இருக்கிறவர்களுக்குத்தான். 2023 ஓகஸ்டில் நிதிநுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தது. அதுவும் அப்பிடியே. வேலிக்குள்ளே நிக்கிற மாட்டுக்குத்தான் கயிறு.

2024இல் நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் எண்டொண்டு பாராளுமன்றத்துக்கு வந்தது. கடன் கொடுக்கிற தொழிலையே உரிமத்தின் கீழ் கொண்டுவரப் போகினம் எண்டார்கள். நல்லதுதானே எண்டு நானும் முதலில் நினைத்தேன். பிறகு ரெண்டு விசயம் இடித்தது.

ஒண்டு, உரிமம் கம்பனிக்கு. முற்றத்துக்கு வாற ஆளுக்கு இல்லை. கம்பனி கொழும்பில் இருக்கும், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசெப்சனில் மாட்டி வைக்கும். விசுவமடுவில் இருக்கிற அம்மா காண்பது அந்தச் சான்றிதழை அல்ல, ஹெல்மெட் கழற்றாத ஒரு முகத்தை. மற்றது, ஏற்கெனவே மத்திய வங்கியின் கீழ் இருக்கிற பாங்குகளும் நிதிக் கம்பனிகளும் இந்த அதிகாரசபைக்கு வெளியில். எங்கட ஊருக்கு வந்தவர்களில் கனபேர் அப்பிடியான நிதிக் கம்பனிகளின் ஆக்கள்தான். உரிமம் இருந்த கம்பனியின் ஆள்தான் இரவு எட்டு மணி மட்டும் பெண்களை இருத்தி வைத்தவர். பிறகு என்ன உரிமம்?

இதே பிரச்சினையை அமெரிக்கா ஒரு முறை பட்டுத் தெளிந்தது. 2007, 2008இல் அங்கே வீட்டு ஈட்டுக் கடன் சந்தை விழுந்தது எல்லாரும் கேள்விப்பட்ட கதை. கட்ட வழியில்லாதவர்களுக்குக் கடனை விற்று, கொமிசனை எடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போய், அங்கேயும் விற்றவர்கள் இருந்தார்கள். 2008இல் ‘சேஃப் அக்ட்’ எண்டு சுருக்கமாகச் சொல்லுகிற சட்டம் வந்தது. அதன்படி வீட்டுக் கடன் பிடித்துக் கொடுக்கிற தனி ஆள் லைசன்ஸ் எடுக்க வேணும். கம்பனி மட்டும் எடுத்தால் காணாது. 20 மணித்தியாலப் படிப்பு, அதில் 3 மணித்தியாலம் கட்டாயம் ஒழுக்கநெறி. பரீட்சையில் 75 புள்ளி. கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி சோதனை. வருசா வருசம் 8 மணித்தியாலம் திரும்பப் படிக்க வேணும். ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம், கம்பனி மாறினாலும் அந்த இலக்கம் மாறாது. உங்களிடம் வந்தவரின் இலக்கத்தை நீங்களே இன்ரர்நெற்றில் போட்டு ஆள் ஆர், முன்பு எங்கே வேலை செய்தவர், நடவடிக்கை ஏதும் எடுத்திருக்கா எண்டு பார்க்கலாம். பிறகு, கூடின வட்டிக்குக் கடனைத் தள்ளிவிட்டால் கூடின கொமிசன் எண்ட முறையையும் தடை செய்தார்கள். எனக்கு இந்தக் கடைசி விசயம்தான் முக்கியமாகப் படுது. படிப்பும் பரீட்சையும் சரி, ஆனால் கொமிசன் எந்தப் பக்கம் இழுக்குதோ மனிசர் அந்தப் பக்கம்தான் போவினம்.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. அங்கேயும் ஓட்டை இருக்கு. பாங்கில் வேலை செய்கிறவர் பதிந்தால் போதும், பரீட்சை எழுதத் தேவையில்லை. பெரியவைக்கு ஒரு சட்டம் எண்ட குணம் அங்கேயும்தான். இந்தியாவில் ரிசர்வ் பாங்க் 2022இல் வேறு மாதிரிப் போனது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது எண்டது. நுண்கடன் வசூலிக்கக் காலமை 9 மணிக்கு முன்னமும் பின்னேரம் 6 மணிக்குப் பிறகும் போகக்கூடாது எண்டது. ஆறு மணி. நான் டோர்ச் லைற்றோடு போன இரவை நினைத்துக்கொண்டேன்.

இதை எல்லாம் சொன்னால் வாற பதில்கள் எனக்குத் தெரியும். கம்பசிலேயே கேட்டிருக்கிறேன்.

“ஆரும் கழுத்தைப் பிடிச்சா கடன் குடுத்தவை? பேராசை.” இதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் அப்பாவின் அரச உத்தியோகச் சம்பளத்தைக் காட்டிப் பாங்கில் கடன் எடுத்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார். கதவு வைப்பது பேராசை எண்டால் நான் ஒண்டும் சொல்ல இல்லை. அப்பிடியே பேராசை எண்டே வையுங்கோ. மருந்துக் கடைக்குப் போய் நான் என்ன கேட்டாலும் தரலாம் எண்டா விட்டிருக்கினம்? கேட்கிறவரின் அவசரத்தைத் தெரிந்துதானே தருகிறவருக்குப் பொறுப்பு வைத்திருக்கு.

“சட்டத்தை இறுக்கினால் சனம் மீற்றர் வட்டிக்காரரிடம் போகும்.” இது கொஞ்சம் கனமான பதில், சிரித்துக் கடக்க ஏலாது. உண்மைதான், போகும், இப்பவும் போகுது. கிழமைத் தவணை கட்ட ஏலாமல்தான் கனபேர் மீற்றர் வட்டிக்குப் போனவை. இதுகள் ரெண்டும் ஒரே ஒழுங்கையின் ரெண்டு முனை. அதனால் நான் கேட்பது கடனை நிற்பாட்டச் சொல்லி அல்ல.

“அப்ப எங்கட சங்கங்களுக்கும் லைசன்ஸோ?” இதைக் கேட்டது ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற மாமி. அவவின் பயம் நியாயமானது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், மரணாதாரச் சங்கம் எல்லாம் அங்கத்தவரின் காசை அங்கத்தவருக்கே கொடுக்கிறவை. கடன் கேட்டு வாறவளின் வீட்டில் நேற்று என்ன கறி எண்டுகூட அவைக்குத் தெரியும். அவையைப் படிவம் நிரப்பச் சொல்லி, கட்டணம் கட்டச் சொல்லி, கம்பனிக்காரனோடு ஒரே வரிசையில் நிற்பாட்டினால் முதலில் மூடுவது சங்கம்தான், கம்பனி அல்ல. கோடு கீறவேண்டிய இடம் கடன் கொடுப்பது அல்ல, கடன் பிடித்துக் கொடுத்துக் கொமிசன் எடுப்பது. மாமிக்குக் கொமிசன் இல்லை. மோட்டார் சைக்கிளில் வாறவருக்கு இருக்கு. லைசன்ஸ் அவருக்கு.

பாங்கோ, நிதிக் கம்பனியோ, புதுசாக வாற கம்பனியோ, ஆரின் ஆளாக இருந்தாலும் சரி. தமிழில் எழுதக்கூடிய ஒரு பரீட்சை, அதில் கட்டாயம் அந்த 24க்கும் 52க்கும் உள்ள கணக்கு. ஒரு இலக்கம், அது கடன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே. அந்த இலக்கப் பட்டியல் இன்ரர்நெற்றில் மட்டும் இல்லாமல் பிரதேச செயலகத்திலும், கிராம சேவையாளரின் அலுவலகக் கதவிலும். எத்தனை கடன் பிடித்தாய் எண்டதற்குக் கொமிசன் எண்ட முறைக்குத் தடை. முறைப்பாடு வந்தால் இலக்கத்தோடு சேர்த்துக் கம்பனிக்கும் தண்டம், ஏனெண்டால் ஆளை மட்டும் பிடித்தால் கம்பனி அடுத்த கிழமை அதே மின்கம்பத்தில் புது விளம்பரம் ஒட்டும்.

“பாவம் பெடியங்கள், அவங்களும் ஏழையள்தானே” எண்டு சொல்லுவீர்கள். எனக்கும் தெரியும். என்னோடு உயர்தரம் படித்தவன் ஒருவன் இப்ப அந்த வேலைதான் செய்கிறான். கம்பசுக்கு ஒரு சில புள்ளியில் தவறினவன். போன லீவுக்கு ஊருக்குப் போனபோது சந்தியில் கண்டு, தேத்தண்ணிக் கடையில் அந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “எங்களுக்கு ட்ரெயினிங்கில இதைக் காட்டேல்லை” எண்டான். “என்ன காட்டினவை?” எண்டு கேட்டேன். மூன்று நாள் ட்ரெயினிங்காம். ஒருநாள் படிவம் நிரப்ப, ஒருநாள் டேப்பில் ஏற்ற, ஒருநாள் நிலுவை வசூலிக்க. நிலுவை வசூலிக்கிற நாளில்தான் நல்ல சாப்பாடு தந்தவையாம்.

“ஒரு குழு பிழை எண்டு தெரிஞ்சா மாட்டன் எண்டு சொல்லுவியோ?” எண்டு கேட்டேன்.

“சொன்னா டார்கெட் விழும். மூண்டு மாசம் விழுந்தா வீட்ட போகச் சொல்லுவினம். மோட்டார் சைக்கிளும் லீசிங்கில எடுத்தது, அதுக்கும் நான் மாசம் கட்டவேணும்.”

அவன் கையிலும் ஒரு லைசன்ஸ் இருந்தால், ‘இப்பிடிக் குடுத்தால் என்ர லைசன்ஸ் போயிடும் சேர்’ எண்டு மனேஜருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருக்கும். இப்ப அவனிடம் அதுவும் இல்லை. பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகுது எண்டு வெளிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய லோன் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அலுமாரிக்குள், பெர்மிட்டின் போட்டோக் கொப்பியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறா. 52 கட்டமும் நிரம்பியிருக்கு, ஒண்டும் தவறவில்லை. அம்மாவின் பெயர், நான் திருத்தினபடி சரியாக இருக்கு. அடையாள அட்டை இலக்கம் இருக்கு. பிணை நின்ற நாலு பேரின் பெயரும் இலக்கமும் இருக்கு. உத்தியோகத்தர் எண்ட இடத்தில் ஒரு கிறுக்கல் மட்டும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. அம்மாவுக்கும் அவரின் பெயர் தெரியாது. “லோன் தம்பி எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது” எண்டா.